காலி செய், கழுவு, காய வை

என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பெயர் உண்டு: குப்பை மேடம். சந்தாபுராவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் என் காதில் விழும்படியாகவே அதைச் சொல்வார்கள். எனக்கு வருத்தம் கிடையாது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைதான். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அந்தப் புத்தியை ஆபீஸோடு விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது. குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த இத்தனை வருஷத்தில், பக்கத்து வீட்டுக் குப்பைப் பையைப் பிரித்துப் பார்த்துச் சண்டை போட்ட ஒரே ஆள் எங்கள் பிளாக்கில் நான்தான்.

தலைப்பில் இருக்கும் வாசகத்தை எழுதியதும் நான்தான். உலர்குப்பை என்று சொல்லிவிட்டுத் தயிர் ஒழுகும் பாக்கெட்டையும் எண்ணெய் வழியும் பாட்டிலையும் கொண்டுவந்து போடுகிறார்களே என்ற ஆத்திரத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். காலி செய், கழுவு, காய வை. மூன்றும் 'க'வில் வந்து விழுந்ததில் எனக்கே சந்தோஷம். தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து, லேமினேட் செய்து, ஒவ்வொரு மாடியிலும் குப்பைத் தொட்டிகளுக்கு மேலே ஒட்டினோம்.

குடியிருப்பவர்கள் அதைப் படித்தார்களோ என்னவோ, படிக்கவே தெரியாத ஒருவர் அதை மனப்பாடம் செய்துகொண்டார். எங்கள் பிளாக்கில் குப்பை எடுக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்கா. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். ஆனேக்கல் சாலையில் ஒரே வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளுள் ஒன்றில் கணவரோடு இருந்தார். அவர் கணவர் ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்த்தார். அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ஆனாலும் நான் அவருக்கு மேடம், அவர் எனக்கு அக்கா. நான் போஸ்டரை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை அவரே விரலை வைத்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு என்னைவிடக் கண்டிப்பான ஆளாகிவிட்டார்.

ஒரு நாள் அவசரத்தில் கழுவாத பால் பாக்கெட்டைத் தொட்டியில் போட்டுவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கதவையே தட்டினார்.

"இன்னா மேடம், நீங்களே இப்பிடிப் பண்ணா நான் யாரப் போய்க் கேக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கிப் போய்க் கழுவிக் கொடுத்தேன்.

எவ்வளவு சொல்லியும் அரைகுறையாகக் கொண்டுவந்து போடும் வீடுகள் இருக்கத்தான் செய்தன. அந்த பாட்டில்களை அக்கா பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோவார். பம்ப் அறைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. அங்கே உள்ளே இருப்பதைக் கொட்டி, கழுவி, சுவரோரத்துத் திட்டில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார். வாரம் ஒருமுறை வரும் குஜரிக்காரர் அவற்றை எடுத்துப் போவார். பழைய சாமான் கடைக்குப் போகிற பாட்டில்கூட அக்கா கையில் அப்படிப் பளபளக்கும்.

இப்படி எல்லாவற்றையும் பிரித்த பிறகும் ஒரு வகைக் குப்பை மிஞ்சியது. எந்த வீட்டிலும் சிங்க்குக்கு அடியில் ஒரு மூலை இருக்கும். எங்கே போடுவது என்று தெரியாமல் தள்ளித் தள்ளி வைத்த சாமான்கள் அங்கே கிடக்கும். பாதி தீர்ந்த கக்கூஸ் ஆசிட், வெள்ளைத் துணிக்கு வாங்கிய பிளீச், கட்டியாகிப்போன பெயின்ட், கரப்பான் மருந்து, செத்த பேட்டரி, ட்யூப்லைட், காலாவதியான மாத்திரை. இவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்தேன். நிறையச் சேர்த்துக் கொடுத்தால் வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். என் கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன்.

கம்பெனியில் பேசிய ஆள் போனில் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

"லிக்விட் எல்லாம் அதோட பாட்டில்லயே இருக்கணும் மேடம். பாதி இருந்தா பாதியாவே இருக்கட்டும். கொட்டவும் கூடாது, ஒண்ணோட ஒண்ணு கலக்கவும் கூடாது."

அதை அப்படியே ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், குடியிருப்போரின் வாட்ஸப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. அந்தக் குழுவில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் யாரும் கிடையாது. அக்காவிடம் அன்றைக்கு மேஜை போட வேண்டும், எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய். மறப்பதற்கு முதலில் நினைவில் இருக்க வேண்டும். பாட்டில்களைத் தன் கையால் தூக்கப்போகிற ஒரே ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிறு காலை கிளப் ஹவுஸ் முன்னால் நான்கு மேஜைகள் போட்டோம். விளக்குகளுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, பாட்டில்களுக்கு ஒன்று. பத்துப் பேர் வந்தால் அதிசயம் என்று என் கணவர் கேலி செய்துகொண்டிருந்தார். பத்து மணிக்குள் ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் ஒரு பிஸ்கட் டின் நிறைய மாத்திரை கொண்டுவந்தார். போன வருஷம் தவறிப்போன அவர் மனைவியுடையவை. டின்னை என்னிடம் தந்துவிட்டு, மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவரிடம் நாலு வார்த்தை பேச எனக்கு நேரமில்லை. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்குப் பாட்டில் மேஜை நிரம்பி வழிந்தது. கீழே தரையிலும் அடுக்கியாயிற்று. வண்டி அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது பிளாக்குக்காரர் ஒருவர் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வந்து, இதை ஏன் எடுக்க மாட்டீர்கள் என்று என்னோடு மல்லுக்கு நின்றார். நானும் விடவில்லை. அக்கா பின்னால் வந்து நின்றார்.

"மேடம், பாட்டிலு வைக்க எடமே இல்ல. ஒண்ணு ரெண்டு ஒழுகுது வேற. இன்னா பண்றது?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வழக்கம் போலப் பண்ணிடுங்க அக்கா."

அவ்வளவுதான் சொன்னேன். இன்வெர்ட்டர்காரர் கத்திய கத்தலில் அது வேறு யார் காதிலும் விழுந்திருக்காது.

அக்கா பாட்டில்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சரிவுப் பாதை வழியாக பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோனார். வழக்கம் என்ன என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதும் என் பாடம்தான். அதனால் சாக்கடையில் ஊற்றவில்லை. பெயின்டர்கள் விட்டுப்போன பெரிய வாளி ஒன்றை எடுத்து வைத்து, தண்ணியாக இருப்பதையெல்லாம் அதில் கொட்டத் தொடங்கினார். தண்ணி ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம். சொல்லிக்கொடுத்தபடி பிரித்துக்கொண்டிருந்தார். ஆசிட் போன வாளியிலேயே பிளீச்சும் போனது.

வாட்ச்மேன் வந்து கூப்பிட, ஓடினேன். சரிவுப் பாதையில் பாதிதான் இறங்கியிருப்பேன். நீச்சல் குளத்து வாடை போல முதலில் மூக்கில் ஏறியது. அடுத்த மூச்சில் தொண்டை அடைத்துக் கண் எரிந்தது. கீழே தரையோடு தரையாக மங்கலான மஞ்சள் புகை. அதற்குள்ளிருந்து அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தார். அவருக்குப் பின்னால் திட்டில் ஏழெட்டு பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்திருந்ததைப் பார்த்தேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

பூச்செடிகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் விட்டோம். இருமினார், வாந்தி எடுத்தார், மறுபடி இருமினார். பிறகு கொஞ்சம் அடங்கியது.

"ஒண்ணும் இல்ல மேடம். பரவால்ல. நீங்க போங்க, ஆளுங்க நிக்கறாங்க."

நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. என் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டி அறையில் ஃபேனுக்கு அடியில் உட்காரச் சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பினேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். காரும் இருந்தது, ஓட்டவும் தெரியும். வண்டி வந்துவிட்டது என்று போனேன்.

வண்டியில் வந்த ஆள் முகமூடி மாட்டிக்கொண்டு கீழே போய் வாளியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"யாரு மேடம் கலக்கச் சொன்னது?"

"தெரியல," என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நாலு மணிக்கு அக்காவால் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஹவுஸ்கீப்பிங் ஆட்களைப் பல அடுக்ககங்களுக்கும் அனுப்பும் சூப்பர்வைசரும் வாட்ச்மேனும் ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். பத்து நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் ஒரே ஒரு தடவை போனேன். ஆக்சிஜன் முகமூடிக்குள் கண்ணை மூடிக் கிடந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு முன்பே, சம்பவம் நடந்த மூன்றாம் நாள், அசோசியேஷன் கூட்டம் நடந்தது. செயலாளர் திருச்சிக்காரர், எதையும் ஃபைலில் போட்டு மூடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்தம்மா நேத்து சூப்பர்வைசர்கிட்ட, மேடம்தான் பண்ணச் சொன்னாங்கன்னு சொல்லிருக்கு. நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"கலக்கச் சொல்லி நான் எதுவும் சொல்லல."

பாருங்கள், இதில் பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது. கலக்கச் சொல்லவில்லைதான். சோதனைப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்ததில் சொல்லை அளந்து போடக் கற்றிருக்கிறேன். கலக்க வேண்டாம் என்று குழுவில் போட்ட செய்தியையும் போனில் திறந்து காட்டினேன். செயலாளரின் முகம் தெளிந்தது. ஊழியர் யாருடைய அறிவுறுத்தலும் இன்றித் தன்னிச்சையாகச் செய்ததால் நேர்ந்தது என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து நீட்டினார். படித்தேன். ஒரு கமாவைத் திருத்தினேன். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் எங்கள் பிளாக்குக்கு வேறு ஒரு பெண் வந்தாள். ஒரு காலையில் நான் எல்லா மாடிக்கும் ஏறி என் போஸ்டர்களைக் கிழித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புதிய டிசைன் வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. இரண்டு மாதம் கழித்து, பக்கத்தில் உள்ள வேறொரு அடுக்ககத்தில் இதே போல ஒரு நாள் நடத்த ஆசைப்பட்டு, என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதையும் கலக்கக் கூடாது என்று விளக்கும்போது, "ஒரு இடத்துல, ஒரு வொர்க்கர், விஷயம் தெரியாம எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டாங்க" என்று உதாரணம் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண்மணி உச்சுக் கொட்டினார்.

"பாவம், படிக்காதவங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கைதட்டினார்கள். துளசிச் செடி ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போது என்மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. எங்கள் கேட்டில் இறங்காமல், ஆட்டோக்காரரை ஆனேக்கல் சாலைக்கு விடச் சொன்னேன்.

அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதியாகிவிட்டார். தண்ணீர்க் குடம் தூக்க முடிவதில்லை, படி ஏற முடிவதில்லை, படுத்தால் இருமல், அதனால் உட்கார்ந்தே தூங்குகிறார் என்று அவர் கணவர் சொன்னார். வேறு அடுக்ககத்தில் வேலை கேட்டதற்கு, கலக்கிவிட்ட பொம்பளைதானே என்று சூப்பர்வைசர் சொன்னாராம். அக்கா அதையெல்லாம் பேசவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். பேசுவதற்கு நடுநடுவே மூச்சுக்கு நிறுத்த வேண்டியிருந்தது.

"மேடம், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வழக்கம் போலப் பண்ணுன்னு நீங்க சொன்னீங்களா, சொல்லலியா? நீங்க சொன்னீங்கன்னு நான் சொன்னேன். மேடத்தக் கேட்டோம், இல்லன்னுட்டாங்கன்னு சொல்றாங்க. இவரும் நீ தப்பாக் கேட்டுக்கினேன்னு சொல்றாரு. அக்கம்பக்கத்துல சிரிக்கறாங்க. மேடம் பொய் சொல்ல மாட்டாங்களே, அப்ப எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சான்னு தெனம் ஒக்காந்து யோசிச்சிக்கினே கீறேன்."

வேலையை வாங்கிக் கொடு என்று கேட்பார், திட்டுவார் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போயிருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை. அவருடைய மூச்சு மட்டுமல்ல, தன் காதின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையும் என்னால் போயிருந்தது.

"சொன்னேன் அக்கா. நான்தான் சொன்னேன்."

அக்கா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா?"

அதற்குள் இருமல் வந்துவிட்டது.

மறுநாள் செயலாளரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, பழைய அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முடிஞ்சுபோன விஷயம் மேடம். இப்ப மாத்தி எழுதினா எல்லாம் நம்ம மேலதான் திரும்பும். உங்களுக்கு மனசு கேக்கலன்னா பர்சனலா ஏதாவது செய்யுங்க. அசோசியேஷனை இழுக்காதீங்க."

அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு நியாயமே இல்லை. அவருக்கு அந்த ஃபைலை மூடிக் கொடுத்தவளே நான்தான். வாட்ஸப் குழுவில் எழுதினேன். நான் சொன்னதைத்தான் அவர் செய்தார், தவறு என்னுடையது என்று நாலு வரி. இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அதற்குக் கீழே ஒருவர் தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்டார். பேச்சு லாரிக்குப் போய்விட்டது.

அசோசியேஷன் தாளும் முத்திரையும் கிடைக்காததால், வெள்ளைத் தாளில் என் கைப்படத் தமிழில் எழுதினேன். என் பெயர், வீட்டு எண், கையெழுத்து எல்லாம் போட்டேன். முதலில் சூப்பர்வைசரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "லெட்டர் சரி மேடம். ஆனா படி ஏற முடியாத ஆளை நான் எங்க போடறது?"

அதனால் அந்தத் தாள் எதற்கும் உதவாது என்று தெரிந்துதான் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வரிசை வீட்டுப் பெண்கள் பொதுக்குழாயில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். தாளை வாங்கி, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

"படிங்க மேடம்."

படித்தேன். நடுவில், "வழக்கம் போலச் செய்யுங்கள் என்று அவரிடம் சொன்னது நான். அதைக் கேட்டபோது இல்லை என்று மறைத்ததும் நான்" என்று வரும். அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத மட்டும் இன்னொரு தபா."

அந்த இரண்டு வரியையும் மறுபடி படித்தேன்.

"கொஞ்சம் சத்தமா."

குழாயடியில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாமா என்றிருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"நானே சொல்லிடுவேன் மேடம். எனக்குச் சத்தம் வரல. உங்களுக்கு வருதில்ல?"

நான் குழாயைப் பார்த்துத் திரும்பி நின்று, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.